கண் திறந்த படம்

"…அதான் கேக்கறேன், செத்தவரு கண்ணு பாதி தெறந்துகினு கெடந்திருக்குது. அதைப் போன்ல புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பி வெச்சிருக்குது அந்த மருமவப் பொண்ணு. கண்ணை மூடி வுட அந்த வூட்டுல பெரியவங்க ஒருத்தருமா இல்ல?"

"மெதுவா பேசு ஆயா. பக்கத்து வூட்டுக்குக் கேக்குது."

மெதுவாகத்தான் பேசுகிறேன். கண் ஆபரேஷன் பண்ணினதிலிருந்து குரல் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, அவ்வளவுதான். எல்லாம் பளிச்சென்று தெரிகிற சந்தோஷம். அதோ எதிர் வீட்டுச் சுவரில் இருக்கிற பல்லிக்கு வால் இல்லை, தெரிகிறது. உன் மூக்குத்தியில் ஒரு கல் இல்லை, அதுவும் தெரிகிறது. எப்போது விழுந்தது? நீயும் பார்க்கவில்லையா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் தெருப் பிள்ளைகள் "ரவுடி ஆயா" என்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

என்ன சொல்ல வந்தேன்? அந்தச் செத்தவருடைய பெண். திருப்பூரிலிருந்து அது வந்து சேர்வதற்குள் அப்பனை எடுத்துவிட்டார்கள். போனில் வந்த படத்தைத்தான் பார்த்தது. அந்தப் பாதிக் கண் தன்னைத்தான் தேடினது என்று சொல்லிச் சொல்லி அழுகிறது என்றாயே. நீ அதைச் சொன்னதும் மலையிலிருந்து வந்த அந்தப் பொம்பளை ஞாபகம் வந்துவிட்டாள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் உன்னை உட்கார வைத்தேன். மூக்குத்திக்குப் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பார். ஆனால் அதிகமாக ஓடினது சாவு வீட்டுக்குத்தான். அந்தக் காலத்தில் பல பேருக்கு உயிரோடு இருக்கும்போது படமே கிடையாது. செத்த பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைக் கட்டி, மாலை போட்டு எடுப்பதுதான் முதல் படம். அதுவே கடைசிப் படமும். அப்புறம் கடைக்கு வந்து நிற்பார்கள். "கண்ணு மட்டும் தெறந்து குடுங்க" என்பார்கள்.

அந்த வேலை என்னுடையது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இன்றைக்கும் கைநாட்டுதான். ஆனால் கோலம் போட்டுப் பழகின கை. அவர் படத்தைக் கழுவிக் காய வைத்துக் கொடுப்பார். நான் மெல்லிய பிரஷ்ஷில் கறுப்பும் வெள்ளையும் தொட்டு, மூடின இமையின் மேல் கண் வைப்பேன். அது தண்ணீரில் கரைகிற சாயம், ஈரம் பட்டால் போய்விடும். அதனால் அந்தப் படத்தையே அவர் மறுபடி ஒரு படம் எடுத்து, முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுப்பார். வீட்டில் மாட்டி வைக்கலாம், ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்கும்.

கண் வைப்பதற்கு முன்னால் வந்தவர்களைக் கேட்பேன், யார் மாதிரிக் கண் என்று. "எங்க சித்தப்பா மாதிரி" என்றால் சித்தப்பாவைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். அவரைப் பார்த்துப் பார்த்துப் போடுவேன். ஒரு முறை ஒரு கிழவிக்கு அவள் நாத்தனாரைக் கூட்டி வந்துவிட்டார்கள். கிழவியின் மகன் குதித்தான்.

"உசுரோட இருக்க சொல்ல ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசுனதில்ல. அவ கண்ணையா எனக்கு வெச்சேன்னு எங்கம்மா கனவுல வந்து கேக்கும்."

"அப்போ யாரு கண்ணுதான்டா வெக்கறது?"

"உன் கண்ணையே வெய்யி அண்ணி. நீதான் வாய் பேசாத ஆளு."

நான் வாய் பேசாத ஆளாம். கேட்டுக்கொள்.

பயமா? அதெல்லாம் இல்லை. வேலைதானே. ஒரு பக்கம் உலை கொதிக்கும், ஒரு பக்கம் செத்தவருக்குக் கண் திறக்கும்.

அப்புறம்தான் அந்த மறியல் வருஷங்கள் வந்தன. இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் போராட்டம். புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிடுவார்கள். பஸ் வராது, பால் வராது. சில இடத்தில் குடிசை எரிந்தது. ஒரு பத்திரிகையிலிருந்து ஆட்கள் வந்து என் வீட்டுக்காரரிடம் படம் கேட்டார்கள். அதிலிருந்து அவர் கல்யாணத்துக்குப் போவது கம்மி, கலவரத்துக்குப் போவது ஜாஸ்தி.

கேமராவைக் கண்டால் ஒரு பக்கத்துக்காரன் உடைப்பான், இன்னொரு பக்கத்துக்காரன் பிடுங்கிக்கொள்வான். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கேமராவைத் துண்டில் சுற்றி என் வயிற்றில் வைத்துக் கட்டி, மேலே புடவையை இழுத்துவிட்டு, மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவார். பிள்ளைத்தாச்சியை யார் மறிப்பார்கள்? நிஜத்தில் என் பெரிய பையன் அப்போது நடக்கவே ஆரம்பித்துவிட்டான். அவனைக் களமருதூரில் அம்மா வீட்டில் விட்டிருந்தேன். அங்கே நெல் மூட்டை மேல் ஏறி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டான், அது வேறு கதை. முதல் இரண்டு தடவை வயிறு நன்றாக வேலை செய்தது. அப்புறம் ஒரு மறியலில், மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒருத்தன் எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.

"எங்கண்ணே?"

"ஆஸ்பத்திரிக்குப்பா."

"போன மாசமும் ஆஸ்பத்திரிக்குன்னுதானே போனீங்க?"

"அது செக்கப்பு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவும் செக்கப்பு."

"இன்னாண்ணே உள்ள, ஆனைக்குட்டியா? வயிறு வேற மூலையும் முட்டியுமா பொட்டி கணக்கா இருக்குது."

நான்தான் சொன்னேன்.

"எம் புள்ள பள்ளிக்கூடப் பையோட பொறக்கப் போறான். உங்க இட ஒதுக்கீடு வர வரைக்கும் உள்ளயே படிக்கிறான். நீ மரத்த நவுத்து."

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். கிளையைத் தூக்கிப் பிடித்து வழி விட்டார்கள். அன்றைக்கு அவர்களையே வயலுக்குள் இருந்து படம் எடுத்தோம்.

அவருடைய கேமராவைத் தலை குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். கும்பிடுகிற மாதிரி இருக்கும். அதில் இடம் வலம் மாறித் தெரியும். நானும் ஒரு முறை பார்த்தேன். எரிகிற குடிசை இந்தப் பக்கம் இருந்தால் அதற்குள் அந்தப் பக்கம் எரிந்தது. நெருப்பு சின்னதாக, சத்தமில்லாமல், பொம்மை நெருப்பு மாதிரி. "பொட்டிக்குள்ள பாத்தா ஒண்ணும் ஆவாதுடி" என்று அவர் சொல்வார். எனக்குப் பெட்டிக்கு வெளியே பார்த்தாலும் ஒன்றும் ஆகவில்லை. அது ஏன் என்று தெரியவில்லை.

அந்த மலைப் பொம்பளையின் புருஷன் செத்தது கச்சிராயபாளையம் போகிற ரோட்டில். கரியாலூர்ப் பக்கத்து மலைக்காரர். தோளில் ஒரு கழி, கழிக்கு அந்தப் பக்கம் ஒரு பலாப்பழம், இந்தப் பக்கம் ஒரு பலாப்பழம். விற்பதற்காகக் கள்ளக்குறிச்சிக்கு வந்துகொண்டிருந்தார். போராட்டத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பஸ் இல்லாததால் நடந்தே வந்திருக்கிறார். வழியில் ஒரு புளியமரத்தைப் பாதி வெட்டிக்கொண்டிருந்தவர்கள், போலீஸ் வண்டி வருகிறது என்று யாரோ கத்தினதும் அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். வண்டி வேறு பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு இவர் வந்து அந்த நிழலில் பழத்தை இறக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறார். மரம் தானாகச் சாய்ந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே கூடியிருந்தவர்கள் கிளையைத் தள்ளிவிட்டு, மூக்கில் கை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. கண் இரண்டும் மூடி, அசந்து தூங்குகிற ஆள் மாதிரி இருந்தார். பக்கத்தில் ஒரு பழம் வெடித்துச் சுளை சுளையாகக் கிடந்தது. ரோடெல்லாம் அந்த வாசனை. நான் திரும்பி நின்று வயிற்றை அவிழ்த்துக் கேமராவைக் கொடுத்தேன். அவர் குனிந்து எடுத்தார். நான் அடுப்பில் வைத்த பருப்பை இறக்கினேனா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். இறக்கித்தான் வைத்திருந்தேன்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் படத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோதே போராட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள். அந்த ஆள் யாரென்று தெரியாது, ஊருக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை, ஆனால் போராட்டத்தில் செத்தவர் என்று ஊர்வலம் உண்டு.

"முன்னாடி தூக்கிக்கினு போவ பெரிய படம் வேணும். கண்ணு தெறந்து குடுங்கண்ணே."

"யாரு மாதிரி கண்ணுப்பா?" என்று நான் கேட்டேன்.

"எங்களுக்கு இன்னா தெரியும்? உனக்குத் தோணுறத வெய்யி அண்ணி."

எனக்குத் தோன்றினது என்ன? எதிரில் என் வீட்டுக்காரர் தொட்டியில் படத்தை அலசிக்கொண்டிருந்தார். நான் நிறையப் பார்த்த கண் அதுதான். அதையே வைத்துவிட்டேன். அகலமான கண், கொஞ்சம் முறைக்கிற மாதிரி.

கண் வைத்த படம் ஒன்று, வைக்காத படம் ஒன்று, இரண்டும் மேஜையில் கிடந்தன. கண் வைக்காதது பத்திரிகைக்கு. அவர்கள் ஜீப் சந்து முனையில் நின்று ஹாரன் அடித்தது. என் வீட்டுக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, மேலே இருந்ததைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். ஜீப் போய்விட்டது. ஊர்வலப் படத்துக்காகக் கண் வைத்ததைத் தேடினால், மேஜையில் கண் மூடினதுதான் இருந்தது.

நான் அந்த இன்னொரு படத்தில் மறுபடி கண் வைத்தேன், அதே கண்ணை; அவர் அதைப் படமெடுத்துப் பெரிதாக்கி ஊர்வலத்துக்குக் கொடுத்தார், சாயம் வைத்தது கடையிலேயே கிடந்தது. வேறு என்ன செய்வது?

பேப்பர் வந்த அன்றைக்கு டீக்கடையில் கூட்டம். நான் எட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் என் கண்! நான் கோடு இழுத்த இமை, நான் வைத்த புள்ளி வெளிச்சம். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, என் கை தெரியாதா? சந்தோஷம் தாங்கவில்லை. "இது நான் போட்டது" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒருத்தர் கீழே இருந்த எழுத்தைச் சத்தமாகப் படித்தார். மரத்தடியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிற ஆள் என்று போட்டிருந்தார்களாம். பத்திரிகை ஆபீஸில் இருந்தவன் படத்தைப் பார்த்துத் தானே எழுதிக்கொண்டான் போல.

வீட்டுக்காரர் பேப்பரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"என் கண்ணுடி இது," என்றார்.

"ஆமா."

"என்னையே கொண்டு போயி அங்க படுக்க வெச்சுட்டியே."

அதற்குப் பிறகு ஊர் பேச ஆரம்பித்தது. கடை வாசலில் நின்று ஒருத்தன் கத்தினான்: "உசுரோட கெடந்த ஆள படம் புடிச்சியே, ஒரு வாய் தண்ணி ஊத்துனியாடா?" பெயர்ப் பலகையில் கல் விழுந்தது. கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள். கண் வரைந்தது என்று இவர் ஆளாளுக்கும் சொல்லிப் பார்த்தார். ஒருத்தரும் நம்பவில்லை. போராட்டக்காரர்களிடம் போய் நீங்களாவது சொல்லுங்கள் என்றார்.

"அண்ணே, வாய மூடிக்கினு இரு. அந்தக் கண்ணப் பாத்துத்தான் ஊரே எழுந்து நிக்குது."

ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து, ஊர்வலம் போய், ஊருக்கு வெளியே புதைத்தும்விட்டார்கள். ரோடு திறந்து பஸ் ஓட ஆரம்பித்த பிறகுதான் செத்தவர் பெண்சாதி மலையிலிருந்து இறங்கி வந்தாள். பகல் நேரம். நான் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். சின்ன வயசு. இடுப்பில் சொருகியிருந்த பேப்பரை எடுத்துப் பிரித்தாள். மடித்து மடித்து அவர் முகத்தின் மேலேயே கிழிந்திருந்தது.

"இந்தப் படம் எடுத்தது இங்கதானுங்களா?"

"ஆமாம்மா. உள்ள வா."

அவள் வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க கேக்கணும். தண்ணி கேட்டாருங்களா?"

என் வீட்டுக்காரர் உள்ளே இருந்தார். ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது.

"கேக்கலம்மா," என்றேன். "நாங்க போவ சொல்லவே மூச்சு இல்ல."

"பாக்குறாருங்களே."

"அது நான் வெச்ச கண்ணு."

"கண்ண யாராச்சும் வெக்க முடியுங்களா? தண்ணி கேட்டு நீங்க குடுக்கலன்னாலும் சொல்லிடுங்க. நான் ஒண்ணும் சண்ட போட வரல. ராத்திரி ஆனா குடத்துக்கிட்ட போயிப் போயி நிக்கிறேன், அதான்."

உள்ளே போய் அந்த இன்னொரு படத்தை எடுத்து வந்தேன், ஊர்வலத்துக்காக நான் மறுபடி கண் வைத்தது. பேப்பரில் எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். இது வழவழப்பான நல்ல படம். கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உன்னிப்பாகப் பார்த்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

"இது அவரு கண்ணில்லைங்களே."

"அதான் சொல்றேன்."

"அவருக்கு இந்தக் கண்ணுல பூ விழுந்திருக்குங்க. சின்னப் பிள்ளையில முள்ளு குத்தி. வெள்ளையா இருக்கும். இதுல ரெண்டும் நல்லா இருக்குது. யாரு கண்ணுங்க இது?"

நான் உள்ளே கை காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். அவள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

நான் பஞ்சைத் தண்ணீரில் நனைத்தேன். துடைத்துக் காட்டலாம் என்று குனிந்தேன். அவள் கையை நீட்டினாள்.

"நான் செய்யிறேங்க. எங்காளுக்கு யாரு மூடினதோ தெரியல. நான் பாக்கவேயில்ல."

ஒரு கண்ணை மெதுவாகத் துடைத்தாள். சாயம் கரைந்து, கீழே இருந்த இமை வந்தது. அப்புறம் அந்தக் கண். கறுப்பு கன்னத்தில் மை மாதிரி வழிந்தது. அதையும் துடைத்தாள். காதுப் பக்கம் ஒன்றும் இல்லாத இடத்தையும் துடைத்தாள். நான் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"இதுல ஒரு பழந்தான் இருக்குதுங்க. ரெண்டு கொண்டாந்தாரே?"

"கூட்டத்துல யாராச்சும் எடுத்துக்கினு போயிருப்பாங்கம்மா."

"நல்லாப் பழுத்ததுதான் அது," என்றாள். "மலைக்கு எப்போங்க பஸ்ஸு?"

சொன்னேன். படத்தை எடுத்துக்கொள் என்றேன். பார்த்துவிட்டேன், போதும் என்று மேஜையில் வைத்துவிட்டு, பேப்பரையும் அதன் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். அவள் போன பிறகு என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைத் தொட்டியில் போட்டுச் சுத்தமாக அலசிக் காய வைத்தார். அப்புறமும் மறியலுக்குப் போனோம். வயிறு கட்டிக்கொண்டுதான் போனேன். சாவுப் படமும் வந்துகொண்டுதான் இருந்தது, கண்ணும் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்று நினைக்கிறேன்.

அந்தக் கண் திறந்த படம் மட்டும் போகவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை எங்கேயாவது பேனர் வைப்பார்கள், அதில் அது இருக்கும். இத்தனை வருஷம் எனக்குப் புரை விழுந்து மங்கலாகத் தெரிந்தது. கட்டு அவிழ்த்து வரும்போது ஷேர் ஆட்டோவில் இருந்து பார்த்தேன், பஸ் ஸ்டாண்டு எதிரில், வீட்டு உயரத்துக்கு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலம் ஆகிறது! அங்கே நின்று முறைத்துக்கொண்டிருந்தார். நல்லாத்தான் வைத்திருக்கிறேன் கண்ணை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் "அது நான் போட்டது" என்றேன். அவன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அப்போ அந்தத் திருப்பூர்ப் பொண்ணுகிட்ட இன்னான்னுதான் ஆயா சொல்றது?"

செத்தவருக்கு இமை சரியாக மூடாது, கூட இருக்கிறவர்கள் நீவிவிட வேண்டும், நீவிவிட ஆள் இல்லாமல் பாதியில் நின்றுவிட்டது, அவர் யாரையும் தேடவில்லை என்று சொல்லலாம். ஆனால் சொன்னால் நம்புமா? கையில் ஏதாவது கொடுத்தால்தான்…

"ஆயா, கொழாயில தண்ணி வுட்டுட்டாங்க!"

"ஐயய்யோ, எழுந்துரு. அந்தப் பச்சைக் கொடத்த எடு. எனக்கு வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, நீயே ரெண்டும் தூக்கு. தோ பாரு, அந்தத் திருப்பூர்ப் பொண்ணும் கொடத்தோட வருது. அத முன்னாடி வுடு, சாவு வூட்டுக்குத் தண்ணி ஜாஸ்தி வேணும். நவுரு, நான் போயி அதுங்கிட்ட நிக்கிறேன். எங்க என் கண்ணாடி?"